கூப்பிடு தூரம்

பாலத்தைக் கடக்க ஏழு நிமிடம்.
இந்தப் பக்கம் எல் பாசோ, அந்தப் பக்கம் ஹுவாரெஸ்.
அடியில், ஆறு என்று பெயர் வைத்த
ஒரு சிமெண்டு வாய்க்கால்.
நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி லாண்டரி மேட்டில் இருக்கிறது.
பின்கதவைத் திறந்தால்
அப்பா வீட்டு மாடியின் கருப்புத் தண்ணீர்த் தொட்டி
சுண்டுவிரல் நகத்தளவு தெரியும்.

வக்கீல் ப்ரிஸ்கில்லா
கெட்ட சேதி சொல்லும்போது என்னைப் பார்க்க மாட்டார்,
மேசையில் ஸ்டேப்ளரைப் பார்த்துச் சொல்வார்:
"மனு நிலுவையில் இருக்கிறது, நெரெய்தா.
அனுமதிக் கடிதம் வராமல் எல்லை தாண்டினால்
மனுவை நீயே கைவிட்டதாகக் கணக்கு.
விசா முடிந்தும் தங்கிய வருடங்களுக்குத்
தனிக் கணக்கு:
வாசல் பத்து வருடம் சாத்திக்கொள்ளும்."

பாதிப் பாலம்வரை போய்
அங்கே பதித்திருக்கும் தகட்டைத் தொட்டுவிட்டு
வந்துவிடட்டுமா என்று கேட்டேன்.
"திரும்பினால் நீ உள்ளே வருகிறவள்.
வெளியே போகவே இல்லை என்று
யாரிடம் நிரூபிப்பாய்?"

கைவிடுதல்.
அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து
பாத்திரம் கழுவும்போது திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
சந்தையில் தொலைந்துவிடுவேனென்று
அப்பா என் மணிக்கட்டைத்தான் பிடிப்பார்,
விரலை நம்ப மாட்டார்.

ஜனவரியில் விண்ணப்பித்த கடிதம்.
மார்ச்சில் கைரேகை எடுத்தார்கள்.
ப்ளீச்சில் தேய்ந்த விரல்,
மெஷின் மூன்று முறை நான் இல்லை என்றது.
மே, ஜூன், ஜூலை.
அவசரம் என்று எழுதினால்
அவசரத்துக்குச் சான்று கேட்டார்கள்.
டாக்டர் சீட்டை மொழிபெயர்த்து அனுப்பினேன்.
சீட்டு போய்ச் சேர்ந்தது.
அதற்கு முந்தின இரவே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒப்துலியா போனில் அழவில்லை.
"வியாழக்கிழமை பத்து மணிக்கு," என்றாள்.
"வராதே," என்றாள்.
அக்கா ஒருத்தி இப்படித் தங்கச்சியிடம் சொல்லும் நாளும்
உலகத்தில் வரும் போல.

புதன் ராத்திரி, டெல்மரிடம் சொல்லாமல்,
பாலத்து வாயிலில் போய் நின்றேன்.
உள்ளங்கையில் இரண்டு நாணயம்.
சுழல்கதவு இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.
பின்னால் டயர் சுமந்துகொண்டு நின்றவர் கேட்டார்:
"போறியா, இல்லையாம்மா?"
நான் ஒதுங்கி வழிவிட்டேன்.
அவர் போனார்.
டயரும் போனது.

வியாழன் காலை டெல்மர்
மான் வேட்டைக்கு வைத்திருக்கும் தொலைநோக்கியைத் தந்தான்.
பேசாமல் என் ஷிப்டுக்கு ஆள் பிடித்தும் வைத்திருந்தான்.
மேட்டில் நின்று தேடினேன்.
தொட்டி. கொடிக்கயிறு. எங்கள் தெரு முனை.
பத்தைத் தாண்டி நாலு நிமிடத்தில்
ஒரு வெள்ளை வேன் மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பியது.
அதைப் பார்த்து அழுதேன்,
மூக்கு ஒழுக, கண்ணாடியில் ஆவி படிய,
அது மறைகிறவரை.

சாயங்காலம் ஒப்துலியா சொன்னாள்:
"சவ வண்டி சாம்பல் நிறம், நெரெய்தா.
பின் தெரு வழியாகப் போனோம், முன்னால் குழி வெட்டியிருந்தது.
வெள்ளை வேனா? அது ரொட்டிக்காரன்."
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள்,
நான் ரொட்டி வேனுக்கு அழுததைச் சொல்லிச் சொல்லி,
மூச்சு முட்டும்வரை,
கடைசியில் அது சிரிப்பு இல்லை என்று
எங்கள் இருவருக்கும் தெரிகிறவரை.

செப்டம்பர்.
திரையில் அதே சொல்: நிலுவையில்.
மனு பத்திரமாக இருக்கிறதாம்,
ப்ரிஸ்கில்லா முதல் முறையாக என்னைப் பார்த்துச் சொன்னார்,
நல்ல முடிவு எடுத்தாய் என்று.
நான் ஸ்டேப்ளரைப் பார்த்தேன்.

இன்று கோட்டைத் துவைத்து
டிரையரில் போட்டேன்.
ஐந்தாவது சுற்றில் உள்ளே ஏதோ தட்டியது,
டங், டங்.
பையில் அந்த இரண்டு நாணயம்.
நிறுத்தி எடுத்திருக்கலாம்.
காய்கிறவரை ஓடட்டும் என்று
பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.